போகும் வழியும் திரும்பும் வழியும்

அண்டை வீட்டில் தீப்பற்றிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் புத்தகம் புரட்டிப் பார்ப்பதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் அண்டை வீட்டில் மூண்டிருப்பது தீயன்று, சண்டை என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தம்பியை அடிக்கிறான். அடிபட்டவனுடைய குழந்தைகள் நம் திண்ணையில் ஒண்டிக்கொண்டு அழுகின்றன. அப்போது நாம் தடியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழையலாமா? நுழையாமல் வேடிக்கை பார்ப்பது மனிதத் தன்மையாகுமா? நுழைந்துவிட்டால் எப்போது வெளியே வருவது? வரும்போது வீட்டுச் சாவியை யார் கையில் கொடுத்துவிட்டு வருவது?

குடும்பங்களுக்கு நேரும் இந்தச் சங்கடம் தேசங்களுக்கும் நேருகிறது. சுதந்திர பாரதத்துக்கு அது ஒரு முறையன்று, பல முறை நேர்ந்திருக்கிறது. ஒரு முறை நம் சேனை சென்று, எண்ணியதை முடித்து, மூன்று மாதத்தில் வீடு திரும்பியது. மற்றொரு முறை சென்று, எண்ணாததையெல்லாம் செய்து, முப்பத்திரண்டு மாதம் கழித்து மனம் கசந்து திரும்பியது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கும்படி நம்மைத் தூண்டியவன் ஒரு மாணவன்.

சில நாட்களுக்கு முன் சரித்திர வகுப்பில் 1971-ம் வருஷத்து யுத்தத்தைப் பற்றிய பாடத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினோம். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்டுள்ள மறுவாழ்வு முகாம் ஒன்றிலிருந்து பள்ளிக்கு நடந்து வருகிறவன் அவன். அவன் பிறந்தது இங்கேதான். அவனுடைய பாட்டி பிறந்தது யாழ்ப்பாணத்தில். "ஸார், வங்காளிகளுக்காகப் போன பட்டாளம் எங்களுக்காக ஏன் அப்படி வரவில்லை? பிறகு வந்தபோது ஏன் எங்களோடேயே சண்டை போட்டது?" என்று கேட்டான்.

நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்வதாகக் கூறித் தப்பித்துக்கொண்டோம். மறுநாள் சொன்ன பதில் அவனுக்குத் திருப்தி அளித்ததோ என்னவோ, நமக்கு அளிக்கவில்லை. பாடப் புத்தகத்தில் அந்த இரண்டு சம்பவங்களும் வேறு வேறு பக்கங்களில் இருக்கின்றன. அவனுக்கோ இரண்டும் ஒரே கேள்வியாக இருக்கின்றன. அவன் நினைப்பதே சரி என்று இப்போது தோன்றுகிறது.

காத்திருந்த எட்டு மாதம்

1970-ம் வருஷம் டிசம்பர் மாதம் பாகிஸ்தானில் பொதுத் தேர்தல் நடந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் 160 தொகுதிகளைக் கைப்பற்றியது. பாகிஸ்தான் முழுவதற்குமான சபையிலும் அதற்கே பெரும்பான்மை. முறைப்படி முஜிபுர் பிரதம மந்திரியாகியிருக்க வேண்டும். ஆனால் ராணுவ ஆட்சித் தலைவர் யாஹியா கான் சபையைக் கூட்டாமல் தள்ளிப் போட்டார். 1971 மார்ச் 25-ந் தேதி இரவு டாக்காவில் ராணுவத்தை ஏவிவிட்டார். முஜிபுர் சிறைப்பட்டார். டாக்கா சர்வகலாசாலையில் ஆசிரியர்களும் மாணவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜனங்கள் எல்லையை நோக்கி ஓடத் தொடங்கினார்கள்.

அந்த ஓட்டத்தின் அளவை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. வருஷ முடிவுக்குள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள். மேற்கு வங்காளத்துக்கு மட்டும் 70 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். சின்னஞ்சிறு திரிபுராவின் சொந்த ஜனத்தொகை 15 லட்சத்துச் சொச்சம். அங்கே வந்து சேர்ந்த அகதிகளோ சுமார் 14 லட்சம். வீட்டுக்காரர் எத்தனை பேரோ கிட்டத்தட்ட அத்தனை விருந்தினர்! இந்தச் செலவை ஈடுகட்ட அந்த நவம்பரிலிருந்து கடிதங்களுக்கு 5 காசு அகதிகள் நிவாரணத் தலை தனியாக ஒட்ட வேண்டும் என்று சர்க்கார் விதித்தது. பழைய கடிதக் கட்டுகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் இல்லங்களில் அந்தச் சிறு தலையை இன்றும் காணலாம். கிழக்கே எரிந்த தீயின் வெப்பம் தெற்குக் கோடியில் மாமியார் மருமகளுக்கு எழுதிய கடிதத்தின் மேலும் பட்டது என்பதற்கு அது சாட்சி.

மார்ச் 31-ந் தேதி பார்லிமெண்டு கிழக்கு வங்க மக்களுக்கு அனுதாபமும் ஆதரவும் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. உடனே படை அனுப்ப வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. திருச்சிராப்பள்ளியில் பிறந்தவரும் பாதுகாப்பு விஷயங்களில் பெரும் நிபுணருமான கே. சுப்ரமண்யம், இப்படி ஒரு சந்தர்ப்பம் மீண்டும் வாய்க்காது என்று வாதாடியவர்களில் ஒருவர்.

ஆனால் படை போகவில்லை. ஏப்ரலில் பிரதம மந்திரி இந்திரா காந்தி கேட்டபோது, தரைப்படைத் தலைவர் மானெக்ஷா இப்போது முடியாது என்று சொன்னதாகவும், அதற்காக ராஜிநாமாச் செய்யவும் தயாராக இருந்ததாகவும் ஒரு கதை பிரசித்தம். அதைப் பல மேடைகளில் சுவையாகச் சொன்னவர் மானெக்ஷாவேதான். தம் கதையில் தாமே கதாநாயகராக விளங்குவது சேனாதிபதிகளுக்கு மட்டும் உரிய பலவீனம் அன்று. அந்தச் சமயத்தில் பிரதம மந்திரியும் அவருடைய காரியதரிசி ஹக்ஸரும் கூட உடனடி யுத்தத்தை விரும்பவில்லை என்று சரித்திராசிரியர்கள் பிற்காலத்தில் காட்டியிருக்கிறார்கள். யார் யாரைத் தடுத்தார் என்பது எப்படியானாலும், காத்திருந்ததற்குக் காரணங்கள் இருந்தன.

முதற்காரணம் மழை. பத்மா, மேக்னா, ஜமுனா என்ற மூன்று மகா நதிகள் பாயும் பூமி அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வயலெல்லாம் ஏரி; ஏரியெல்லாம் கடல். டாங்கிகள் அங்கே உருளுவது எங்ஙனம்? மழை ஓய்ந்து, இமயத்தின் கணவாய்களில் பனி மூடிய பிறகே வடக்கே சீனாவைப் பற்றிய கவலையும் குறையும். இரண்டாவது காரணம் தோழமை. அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் பாகிஸ்தானின் பக்கம் சாய்ந்திருந்தார். அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கர் ஜூலை மாதம் பாகிஸ்தான் வழியாகவே ரகசியமாகப் பீக்கிங் போய்வந்தார். துணையின்றி யுத்தத்தில் இறங்குவது அபாயம். ஆகஸ்டு 9-ந் தேதி சோவியத் ருஷ்யாவுடன் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அக்டோபரிலும் நவம்பரிலும் இந்திரா காந்தி ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும் வாஷிங்டனுக்கும் நேரில் சென்று, அகதிகள் வீடு திரும்புவதற்கு வழி செய்யுங்கள் என்று கேட்டார். வழி பிறக்கவில்லை. ஆனால் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்தாகிவிட்டது என்பது உலகுக்குத் தெரிந்தது.

மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் அபிப்பிராயத்தில் அதுவே தலையாயது. வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டுமே! ஏப்ரல் 17-ந் தேதி எல்லையோரத்து மாந்தோப்பு ஒன்றில் வங்கதேசத் தற்காலிக சர்க்கார் பதவிப் பிரமாணம் செய்துகொண்டது. அதில் இருந்தவர்கள் தாமாகத் தலைவர் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள் அல்லர். தேர்தலில் ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள். கர்னல் உஸ்மானியின் தலைமையில் திரண்ட முக்தி வாஹினிப் போராளிகள் அந்த சர்க்காருக்குக் கட்டுப்பட்டவர்கள். இந்தியா அவர்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. காத்திருந்த எட்டு மாதமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்த காலம் அன்று. பின்னால் யாரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது என்பதைத் தயார் செய்த காலம் அது.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு

இதைப் படிக்கும்போது, காத்திருந்தது முழுதும் விவேகம், அதில் நஷ்டமே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். டில்லியில் கோப்புகள் நகர்ந்துகொண்டிருந்த மாதங்களில் எல்லைக்கு அப்பால் கிராமங்கள் எரிந்துகொண்டிருந்தன. இப்பால் முகாம்களில் காலரா பரவியது. போன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ், ஊசி மருந்து போதாத நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார். இன்று ஒவ்வொரு தாய்மாரும் அறிந்திருக்கும் அந்த எளிய வைத்தியம் உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றது அந்த முகாமில்தான். ஆயினும் பிழைக்காதவர்கள் பிழைக்காதவர்களே.

கடைசி நாட்களில் நடந்ததோ இன்னும் கொடுமை. தோல்வி நிச்சயமாகிவிட்ட டிசம்பர் 14-ந் தேதியை ஒட்டி, டாக்காவின் பேராசிரியர்கள், வைத்தியர்கள், பத்திரிகைக்காரர்கள் வீடு வீடாகப் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். புதிய தேசம் பிறக்குமுன் அதன் ஆசிரியர்களைக் கொன்றுவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். மொத்தம் மாண்டவர்கள் 30 லட்சம் என்பது வங்கதேச சர்க்காரின் கணக்கு. ஆராய்ச்சியாளர் சிலர் இதைவிட வெகு குறைவாகச் சொல்வார்கள். எண் எதுவாயினும், பொறுமையின் பில்லைக் கட்டியவர்கள் டில்லிவாசிகள் அல்லர். படை அனுப்புவதைப் பற்றி யோசிக்கிறவர்கள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும்.

பதின்மூன்று நாள், பிறகு மூன்று மாதம்

பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே நம் விமான நிலையங்களைத் தாக்கிய டிசம்பர் 3-ந் தேதியையே யுத்தத்தின் தொடக்கமாகப் பள்ளிப் புத்தகங்கள் குறிக்கின்றன. உண்மையில் நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்தே நம் துருப்புகள் கிழக்கு எல்லையில் அங்கங்கே தாண்டிச் சென்று சண்டையிட்டிருந்தன. எப்படியோ, டிசம்பர் 6-ந் தேதி இந்தியா வங்கதேசத்தைத் தனி நாடாக அங்கீகரித்தது. அதாவது, நாம் பிடித்த நாட்டில் நிற்கவில்லை. நண்பருடைய நாட்டில் அவருக்குத் துணையாக நிற்கிறோம் என்று யுத்தம் முடியுமுன்பே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

உலகம் இதை மெச்சிக் கொண்டாடவில்லை. யுத்தத்தை நிறுத்தும்படி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் வந்த தீர்மானத்துக்கு ஆதரவாக 104 நாடுகளும் எதிராக 11 நாடுகளும் வாக்களித்தன. அந்தப் பதினொன்றில் நாமும் ஒன்று. பாதுகாப்புச் சபையில் ருஷ்யாவின் 'வீட்டோ' நம்மைக் காப்பாற்றியது. அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்' என்னும் பெரும் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி வந்தது. நியாயம் நம் பக்கம் இருந்தாலும், பிறர் வீட்டு வாசற்படியைத் தாண்டுகிறவனை ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கும் என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டிராமல், நம் படைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு டாக்காவை நோக்கி விரைந்தன. மேக்னா நதியை ஹெலிகாப்டர்களில் தாண்டின. டிசம்பர் 16-ந் தேதி மாலை டாக்கா ரமணா மைதானத்தில் ஜெனரல் நியாஸி, ஜெனரல் அரோராவின் முன்னிலையில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். கைதானவர்கள் சுமார் 93,000 பேர். அந்த மேஜையின் புகைப்படத்தைப் பார்த்திராத இந்தியர் இருக்க மாட்டார்கள்.

ஆனால் நாம் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவது வேறொரு காட்சியை. 1972 மார்ச் 12-ந் தேதி டாக்காவில் இந்தியப் படைக்கு வழியனுப்பு அணிவகுப்பு நடந்தது. சிறையிலிருந்து ஜனவரியில் திரும்பியிருந்த முஜிபுர், உங்கள் படை எப்போது போகும் என்று கேட்டார். இந்திரா காந்தி தேதி சொன்னார். சொன்ன தேதிக்கு முன்பே படை புறப்பட்டது. முகாம்களில் இருந்த மக்களும் மூட்டை முடிச்சுகளோடு தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். எந்த நோக்கத்துக்காகச் சென்றோமோ அது நிறைவேறிற்று. நம் தரப்பில் இரு முனைகளிலுமாக 3,800-க்கு மேற்பட்ட வீரர்கள் உயிரைக் கொடுத்திருந்தார்கள்.

பிற்பாடு நன்றி நிலைத்ததா என்று கேட்பவர்கள் உண்டு. 1975 ஆகஸ்டு 15-ந் தேதி முஜிபுர் தம் நாட்டு ராணுவத்தினராலேயே கொல்லப்பட்டார், உறவும் கசந்தது. நன்றியை எதிர்பார்த்துப் போகிற படை ஏமாந்து திரும்பும். காரியத்தை எண்ணிப் போகிற படைதான் காரியத்தை முடித்துத் திரும்பும்.

பாக் ஜலசந்திக்கு அப்பால்

இப்போது மாணவனுடைய ஊருக்கு வருவோம். 1983 ஜூலை மாதம் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் சாம்பலாயின. படகு படகாக மக்கள் ராமேசுவரக் கரையில் வந்து இறங்கினார்கள். 1971 செய்ததை இப்போதும் செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு துடித்தது. அந்தத் துடிப்பு குற்றமன்று. ஆனால் இரண்டு நிலைமைகளும் ஒன்றா?

பாகிஸ்தானில் வங்காளிகள் பெரும்பான்மையினர். தேர்தலில் வென்ற அவர்களுடைய ஆட்சி பறிக்கப்பட்டது. இலங்கையில் தமிழர் சிறுபான்மையினர். 1981-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கும் குறைவு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் அங்கேயும் இருந்தார்கள். 1977-ம் வருஷத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களில் வென்று, அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராகவே அமர்ந்தார். ஆனால் 1983-ல் கொண்டுவரப்பட்ட ஆறாவது அரசியல் திருத்தம், பிரிவினைக்கு எதிராகப் பிரமாணம் செய்யச் சொல்லி அவர்களைச் சபையிலிருந்து வெளியேற்றியது. வாக்குப் பெட்டியால் வந்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றபோது, துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் உள்ளே வந்தார்கள்.

இதில் நம் சர்க்காரின் கையும் இருந்தது. அந்த இளைஞர்களுக்கு நம் மண்ணில் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு அன்று, பல குழுக்களுக்கு. 1971-ல் போராளிகள் ஒரு சர்க்காருக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள் என்று சொன்னோம். இங்கே ஒருவருக்கொருவர் கட்டுப்படாத பல குழுக்கள். 1986-ல் புலிகள் டெலோ இயக்கத்தையே அழித்தார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை தேடாமலே பூட்டை உடைக்க ஆட்களைத் தயார் செய்தோம் என்றால் தவறாகாது.

1987-ல் சம்பவங்கள் வேகமாக ஓடின. மே மாத இறுதியில் இலங்கை ராணுவம் வடமராட்சியைத் தாக்கியது. ஜூன் 3-ந் தேதி ராமேசுவரத்திலிருந்து உணவுப் பொருளுடன் சென்ற மீன்பிடி படகுகள் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாள் நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவு மூட்டைகளைப் போட்டன. எட்டு வாரத்துக்குள், ஜூலை 29-ந் தேதி, ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். யாருடைய உயிரும் உரிமையும் பற்றிய ஒப்பந்தமோ அந்தத் தமிழர் தரப்பின் கையெழுத்து அதில் இல்லை. ஆயுதங்களைக் கீழே வைக்க வேண்டிய புலிகளும் அதில் ஒப்பமிடவில்லை. இலங்கையின் பிரதம மந்திரி பிரேமதாசாவுக்கும் அதில் சம்மதமில்லை. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படை வீரன் நம் பிரதம மந்திரியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினான். அந்த ஒரு காட்சியிலேயே வருங்காலம் முழுவதும் அடங்கியிருந்தது.

போர் நிறுத்தத்திலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை மேற்பார்க்கவே அமைதிப் படை பலாலியில் வந்து இறங்கியது. யாழ்ப்பாணத்து ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆனால் ஒப்படைக்கப்பட்டது கொஞ்சமே. செப்டம்பர் 26-ந் தேதி திலீபன் நல்லூரில் உண்ணாவிரதமிருந்து உயிர் துறந்தார். அக்டோபர் 5-ந் தேதி இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட புலிகள் இயக்கத்தவர், கொழும்புக்குக் கொண்டு செல்லப்படுவதைத் தடுக்க, பலாலியில் நஞ்சருந்தினார்கள். அவர்களில் 12 பேர் மாண்டார்கள். அக்டோபர் 10-ந் தேதி அமைதிப் படை யுத்தப் படையாக மாறியது. யாரைக் காக்கப் போனோமோ அவர்களுடைய தெருக்களில் பீரங்கி முழங்கியது.

யாழ்ப்பாணச் சர்வகலாசாலை மைதானத்தில் இரவில் இறக்கப்பட்ட 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் மடிந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை புகுந்தபோது நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் சுடப்பட்டு இறந்தார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது எளிதன்று. ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் ஆசிரியத் தொழிலுக்கு அருகதையற்றவர். நவம்பர் 25-ந் தேதி மேஜர் ராமசாமி பரமேசுவரன், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் போராடி வீழ்ந்தார். தேசத்தின் தலைசிறந்த விருதான பரமவீர சக்கரம் அவருக்கு அளிக்கப்பட்டது. ஒரு தமிழர், தமிழர்களைக் காக்கச் சென்று, தமிழ் மண்ணில், தமிழர் கைத் துப்பாக்கிக்கு இரையானார். இந்தத் துயரத்தை எந்தப் பக்கம் நின்று அழுவது?

பிரேமதாசா ஜனாதிபதியானதும், 1989 ஜூன் மாதம், படையை வெளியேறச் சொன்னார். அத்தோடு நில்லாமல், அமைதிப் படையை எதிர்க்கப் புலிகளுக்கே அவருடைய சர்க்கார் ஆயுதம் கொடுத்தது. அழைத்த வீட்டுக்காரரும் போ என்றார். காக்கப்பட வேண்டியவர்களும் போ என்றார்கள். ஜூலையில் அமிர்தலிங்கம் கொழும்பில் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 மார்ச் 24-ந் தேதி கடைசித் துருப்புகள் திரிகோணமலையிலிருந்து கப்பலேறின. 1,100-க்கு மேற்பட்ட வீரர்கள் திரும்பவில்லை. திரும்பிய படையை வரவேற்கத் தமிழ்நாட்டின் முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. வெற்றி என்று சொல்லவும் முடியாமல் தோல்வி என்று ஒப்பவும் முடியாமல், பட்டாளம் ரெயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தது. மூன்று மாதத்துக்குள் இலங்கையில் மறுபடி போர் மூண்டது. லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் மீண்டும் நம் கரைக்கு வந்தார்கள். நம் மாணவனின் பாட்டி அவர்களில் ஒருத்தி. அடுத்த வருஷம் மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

ஆகையால் படையே அனுப்பக்கூடாது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அதுவும் அவசர முடிவே. 1988 நவம்பர் 3-ந் தேதி மாலத்தீவில் கூலிப் படையினர் புகுந்து ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார்கள். ஜனாதிபதி கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்து சென்ற நம் பாராசூட் வீரர்கள் மாலேயைக் காத்தார்கள். தப்பி ஓடிய கப்பலை நம் போர்க் கப்பல்கள் மடக்கின. வேலை முடிந்ததும் படையின் பெரும்பகுதி திரும்பியது. அதற்கு முன் 1971 ஏப்ரலிலும், இளைஞர் கிளர்ச்சியால் தத்தளித்த இலங்கைக்கு, பிரதம மந்திரி சிரிமாவோ பண்டாரநாயக்கா கேட்டதன் பேரில், இந்தியா ஹெலிகாப்டர்களும் கப்பல்களும் அனுப்பி உதவிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஆக, போவதே பிழையன்று. போகாமலிருப்பதே புண்ணியமும் அன்று.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? நமக்குப் புலப்படுகிற வரையில் நான்கு கேள்விகளில் இருக்கிறது. நம்மை அழைப்பவர் யார். யாருக்காகப் போகிறோமோ அவர்களும் அழைக்கிறார்களா? போய்ச் செய்ய வேண்டிய காரியம் இன்னது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? காரியம் முடிந்ததும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள, ஜனங்கள் நம்புகிற ஒருவர் இருக்கிறாரா? திரும்பும் தேதியை யார் தீர்மானிப்பது? 1971-ல் இந்த நான்குக்கும் விடை கிடைக்கும்வரை காத்திருந்தார்கள். மாலத்தீவில் விடைகள் ஒரே நாளில் தெளிவாக இருந்தன. 1987-லோ, முதல் கேள்விக்கு அரை விடை; மற்ற மூன்றுக்கும் விடையே இல்லை. படை இறங்கிய பிறகு, கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விடை தேட நேர்ந்தது.

தவறாகப் போன படை ஒரு முறை மட்டும் நஷ்டம் செய்வதில்லை. உண்மையாகவே உதவி தேவைப்படும் பிற்காலத்திலும் அது கையைக் கட்டிப் போடுகிறது. 2009-ல் வன்னியின் கடற்கரை மணலில் ஜனங்கள் சிக்கி மடிந்தபோது, படை அனுப்பித் தடுப்பது என்ற எண்ணத்துக்கே டில்லியில் இடமில்லை. அந்தக் கதவு 1990 மார்ச்சிலேயே அடைபட்டுவிட்டது. காரணங்கள் வேறு பலவும் உண்டு; ஆனால் இதுவும் அவற்றில் ஒன்று.

இலங்கைப் பார்லிமெண்டு இருக்கும் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில், அங்கே மடிந்த நம் வீரர்களுக்கு இலங்கை சர்க்காரே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது. அதைப் பார்த்துத் தலை வணங்குவோம். ஆனால் படை அனுப்பியதன் பலனை அளக்க நினைவுச் சின்னம் உதவாது. சரணாகதிப் புகைப்படமும் உதவாது. அதற்கு உரிய அளவுகோல் ஒன்றே: திண்ணையில் வந்து ஒண்டிய குழந்தை தன் வீட்டுக்குத் திரும்பிற்றா? 1972 மார்ச்சில் வங்கத்துக் குழந்தைகள் திரும்பின. நம் வகுப்பின் கடைசி வரிசைப் பையன் இன்னும் முகாமிலிருந்துதான் பள்ளிக்கு வருகிறான்.

இதையெல்லாம் அவனுக்கு மறுபடியும் ஒரு நாள் உட்கார்ந்து சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். "அப்போ, வந்தது தப்பில்லை, யோசிக்காமல் வந்ததுதான் தப்பு. அப்படித்தானே, ஸார்?" என்றான். அப்படித்தான் என்றோம். "எங்க பாட்டி, பட்டாளம் வந்த முதல் நாள் அவங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தேன்னு சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த முறை அண்டை வீட்டிலிருந்து கூக்குரல் எழும்போது, தலைநகரில் வரைபடத்தை விரித்து உட்காருகிறவர்கள் அந்த இளநீரை நினைத்துக்கொள்ளட்டும். அதைக் கொடுத்த கை, படை திரும்பும் நாளிலும் கொடுக்க விரும்புமா என்று ஒரு கணம் யோசிக்கட்டும். யோசித்த பிறகு போவதானாலும் சரி, போகாமலிருப்பதானாலும் சரி, பிள்ளைகளுக்கு நாம் வெட்கமின்றிப் பாடம் சொல்லலாம்.